புளி போட்டுத் தேய்த்த இன்ஜின்

புதிதாகக் கல்யாணமானவனுக்குப் பெண்டாட்டியைத் தவிர வீட்டில் எல்லோரோடும் பேச நேரம் கிடைக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அதுதான் நிலைமை. அப்பா, அம்மா, அண்ணா, மன்னி, அத்தை, குழந்தைகள், கோர்ட்டு வேலையாக வந்து மாசக்கணக்கில் தங்கிவிட்ட ஒரு மாமா என்று கூடம் நிரம்பி வழியும். கோமளமும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் "காபி கொண்டு வரட்டுமா?", "கொண்டு வா" என்ற அளவில்தான். (அந்தக் காபியையும் பாதி நாள் மன்னிதான் கொண்டு வருவாள்.) ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் அவளோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

அதற்கு வழி காட்டியது ஒரு மோட்டார் படகு. நான் ஜூனியராக இருந்த வக்கீல், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அதை வாங்கி அடையாற்றில் கட்டிப் போட்டிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது, அதனால் ஒரு நாளும் ஏறவில்லை. படகைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது. (கேஸ் எதையும் என்னை நம்பித் தர மாட்டார்.) பின்பக்கம் மாட்டிய சின்ன இன்ஜின். அதன் தலையில் இருக்கும் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிப் பம்பரம் விடுவதுபோல் வெடுக்கென்று இழுத்தால் கிளம்பும். உப்புக் காற்றில் அதன் பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சீனியர் கூப்பிட்டார். "ஓய், நாளைக்குப் புஸ்தகங்களோட அந்த இன்ஜினையும் பூஜையிலே வைக்கணும். பளபளன்னு இருக்கணும். விஜயதசமிக்கு நீரே ஓட்டி ஆரம்பிச்சு வையும். ஆத்துக்காரியையும் அழைச்சுண்டு போம்."

சீனியர் சொன்னதை அப்பா தட்டமாட்டார். ஆனால் மன்னியும் குழந்தைகளும் கூடவே கிளம்பிவிடுவார்களே. படகு இரண்டு பேருக்குமேல் தாங்காது என்று கூடத்தில் நின்று சத்தியம் செய்தேன். (ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம்.)

இன்ஜினைக் கழற்றி சீனியர் வீட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். களிம்பு போக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். அம்மா குத்துவிளக்குக்கு என்ன செய்வாளோ அதையே செய்தேன். புளியும் உப்பும் போட்டு அழுத்தித் தேய்த்தேன். வெளியே தெரிந்த இடத்தோடு விட்டேனா? மூடியைத் திறந்து, தீப்பொறி வரும் பிளக், அதற்குப் போகும் ஒயரின் முனை என்று ஒரு சந்து பொந்து விடவில்லை. மறுநாள் பூஜை. பூஜையில் வைத்த ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பதால் ஓட்டிப் பார்க்கவும் முடியவில்லை. சந்தனம் குங்குமத்தோடு இன்ஜின் புது மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தது. உள்ளே புளி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விஜயதசமி சாயங்காலம் கோமளம் அரக்குப் புடவையில் வந்து படகின் முன்பக்கம் உட்கார்ந்தாள். முதல் இழுப்பிலேயே இன்ஜின் கிளம்பியது. அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை வீட்டில் நான் பார்த்ததே இல்லை. பாலத்தைத் தாண்டியதும், பல நாளாக மனசில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பிப்பதற்காகத் தொண்டையைக் கனைத்தேன். இன்ஜினும் கனைத்துவிட்டு நின்றுபோனது.

கயிற்றைச் சுற்றி இழுத்தேன், அசையவில்லை. பெட்ரோல் இருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒயரைத் தொட்டேன், அதன் முனை பச்சைப் பொடியாக உதிர்ந்து கையோடு வந்தது. புத்தியுள்ளவனாக இருந்தால் துடுப்பைத் தேடியிருப்பான். (மோட்டார் படகுக்குத் துடுப்பு எதற்கு என்று கரையிலேயே அதை இறக்கி வைத்தவன் நான்தான்.) வேட்டிக் கரையைக் கிழித்து ஒயரை இழுத்துக் கட்டி, மறுபடி கயிற்றைச் சுற்றினேன். வடியும் தண்ணீர் எங்களை முகத்துவாரத்தின் பக்கம் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. அலைச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"ஏன்னா."

"இரு, இதோ கிளம்பிடும்."

"கொஞ்சம் இப்படித் திரும்புங்கோளேன். ஒண்ணு சொல்லணும்."

"இன்ஜின் கிளம்பட்டும் கோமளம், அப்புறம் சொல்லு."

நான் ஏங்கிக் கிடந்த ஒரு மணி நேரம் முழுக்க அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தேன்.

கடைசியில் மீனவர்கள் மூன்று பேர் கட்டுமரத்தில் வந்து சேர்ந்தார்கள். "இன்னா சாமி, அம்மாவ வச்சிக்கினு கடலுக்கா போய்க்கினு கீறீங்க?" என்று கேட்டபடியே எங்கள் படகில் ஏறி, கட்டுமரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழி போட்டுத் தள்ளினார்கள். கரையில் குடும்பமே வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தது. மன்னி படகில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணினாள்.

"ஏண்டா அம்பி, ரெண்டு பேருக்கு மேல தாங்காதுன்னியே?"

மறுநாள் சீனியர் இன்ஜின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "ஓய், ரச வாசனைன்னா வரது" என்றார். அதோடு படகைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை, வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்.

என்ன சொல்ல வந்தாய் என்று கோமளத்தைக் கேட்டேன். "இன்ஜின் கிளம்பட்டும், சொல்றேன்" என்றாள். குழந்தைகள் பிறந்த பிறகு கேட்டேன், அதே பதில்தான். எங்கள் வீட்டில் யார் எதைத் தள்ளிப் போட்டாலும் "இன்ஜின் கிளம்பட்டும்" என்பது வழக்கமாகிவிட்டது. பேரன் பேத்திகள்கூட அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒரு தரம் கேட்டேன். பேச முடியாமல், கயிறு இழுப்பதுபோல் விரலை மட்டும் அசைத்துச் சிரித்தாள்.

இப்போது வீட்டில் கூட்டம் இல்லை. தனியாகப் பேச எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் இருக்கிறது. பேரன் கார் வைத்திருக்கிறான், என்னை முன்னால் உட்காரவைத்துக் கடற்கரைக்கு அழைத்துப் போவான். சாவியைத் திருகியதும் இன்ஜின் கிளம்பிவிடுகிறது. உடனே என் தலை தானாகப் பின்பக்கம் திரும்புகிறது.

"என்ன தாத்தா, எதையாவது மறந்துட்டேளா?" என்பான்.

"ஒண்ணுமில்லைடா, போ" என்பேன்.