பித்தளை சொன்ன புயல்

அந்தப் பித்தளை டெலஸ்கோப்பை வாங்கியே தீருவது என்று புதன்கிழமை காலையில் முடிவு செய்தேன். கிரேஸியைக் கேட்கக் கூடாது என்றும் முடிவு செய்தேன். முதல் முடிவைவிட இரண்டாவதுதான் பெரிது. கல்யாணமானவர்களுக்குப் புரியும்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தையல் கோணலா, பசை வழியுதா என்று பார்ப்பது வேலை. ஒரு தடவை ஷூ ஆர்டர் கொடுக்க வந்த ஜெர்மன்காரர் தன் வீட்டு ஹாலை போனில் காட்டினார். சுவர் முழுக்கப் பழங்காலத்து விஞ்ஞானக் கருவிகள். எல்லாம் பித்தளை, எல்லாம் பளபள. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கெமிக்கல் தராசு வந்தது. டிவி பெட்ரூமுக்குப் போனது. அடுத்து மைக்ராஸ்கோப் வந்தது. அதில் கண்ணை வைத்தால் நம் கண் இமை மட்டும் நன்றாகத் தெரியும். அதற்கு இடம்விட்டு பீரோ சமையலறை வாசலுக்குப் போனது. கிரேஸி இப்போது சமையலறைக்குள் பக்கவாட்டில்தான் நுழைகிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இவற்றுக்கெல்லாம் ராஜா, சுவரில் மாட்டியிருக்கும் பாரோமீட்டர். காற்று அழுத்துவதை வைத்து மழையா வெயிலா என்று சொல்லும் கருவி. சோற்றுத்தட்டு அகலம். சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து, நடுவில் ஒரு முள்.

டெலஸ்கோப் விஷயத்தைச் சொன்னது வாணியம்பாடி சுஹேல் அகமது. பழைய சாமான் வியாபாரம். என் தோஸ்த்.

"ஞாயித்துக்கிழம ஒரு பழைய ஸ்கூல் லேப் சாமானெல்லாம் ஏலம் உடறாங்க. மூணு காலு வெச்ச டெலஸ்கோப் ஒண்ணு கீது. வந்துடு" என்றான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கிரேஸி நிற்கிறாள். இடுப்பில் பாப்பா.

"ஏங்க, ஞாயித்துக்கிழம ஜாஸ்மின் வீட்டுக்குப் போறோம்ல?"

ஜாஸ்மின் அவள் ஒரே தங்கை. சென்னையில் புது வீடு கட்டியிருக்கிறாள். அன்றைக்குத்தான் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி வீட்டைத் திறக்கிறார். தங்கை கல்யாணத்துக்கு அப்புறம் அவள் வீட்டில் நடக்கும் முதல் விசேஷம். கிரேஸி ஒரு மாதமாக அதே நினைப்பில் இருக்கிறாள்.

டெலஸ்கோப் கண்ணை விட்டு நழுவுவது தெரிந்தது. சுற்றிப் பார்த்தேன். பாரோமீட்டர் தெரிந்தது. அதன் முள் ஓரமாகக் கீழே சாய்ந்து, ஸ்டார்மி என்ற எழுத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

கிரேஸி அஞ்சாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து அவ்வளவாக வராது.

"போலாம்னுதான் இருந்தேன்" என்றேன் சோகமாக. "ஆனா முள்ளப் பாரு. ஸ்டார்மின்னு காட்டுது. அப்படின்னா புயல்."

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கத்திரி வெயில். தெருவில் நாய்கூட இல்லை.

"வெயில் கொளுத்துதே?"

"புயலுக்கு மின்னாடி அப்படித்தான் கொளுத்தும்."

"டிவில ஒண்ணும் சொல்லலியே?"

"டிவிக்காரன் நாளைக்குத்தான் சொல்லுவான். பித்தளை இன்னைக்கே சொல்லுது."

கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

இவ்வளவு சுலபமா? எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "நான் மட்டும் ஞாயித்துக்கிழம வாணியம்பாடி வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வந்துடறேன்" என்றேன்.

"புயல்லயா?"

"அது சென்னைப் பக்கம் அடிக்கிற புயலு."

"முள்ளு சென்னைலயாங்க மாட்டிக்கீது? நம்ம செவுத்துலதானே?"

  புயலில் வண்டி எடுக்கக் கூடாது, குழந்தை உள்ள வீடு என்று அவளே சொல்லிவிட்டு, பக்கவாட்டில் சமையலறைக்குள் போய்விட்டாள்.

போனால் போகிறது, சனிக்கிழமை ராத்திரிக்குள் ஏதாவது வழி கிடைக்கும் என்று இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஹஃப்ஸா வந்தாள். மூச்சு வாங்க வந்தாள்.

"ஜெபசீலன் அண்ணா, நாளைக்குப் புயலாமே? நெஜமா?"

"யாரு சொன்னது?"

"கிரேஸிதான். உங்க வீட்டு மிஷினு சொல்லிச்சாமே."

சமையலறையில் தாளிக்கிற சத்தம். 

"எங்க நாத்தனார் புள்ளைக்கு நாளைக்கு வலிமாண்ணா, கல்யாண விருந்து. மைதானத்துல ஷாமியானா போட்டாச்சு, அடுப்பு வெட்டியாச்சு. நான் சொன்ன உடனே எல்லாரும் பேஜாராயிட்டாங்க. ஷாமியானாவப் பிரிச்சுட்டு மண்டபம் பாக்கலாம்னு எங்க வீட்டுக்காரரு கெளம்பி நிக்கறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. பிரிக்கலாமா?"

ஹஃப்ஸாவின் வீட்டுக்காரர் சத்தார் டேனரியில் தோல் மூட்டை தூக்குகிறவர். ஒரு கையில் ஒரு மூட்டை. அவர் ஷாமியானாவைப் பிரித்து, மறுநாள் பளிச்சென்று வெயில் அடித்தால் அடுத்து எதைப் பிரிப்பார் என்று யோசித்தேன்.

"பிரிக்க வேணாம்மா" என்றேன் மெதுவாக.

"அப்போ புயல் கம்மியாத்தான் வருமா?"

"வராது."

"மிஷினு சொல்லிச்சேண்ணா?"

இதற்கு மேல் இறங்கிப் பேச எனக்குத் தெரியாது. குரலை மட்டும் இறக்கினேன். "அது கெட்டுப்போன சாமான்மா. சும்மா அழகுக்கு மாட்டி வெச்சிருக்கேன்."

"அல்லா, வயித்துல பால வார்த்தீங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

தாளிக்கிற சத்தம் நின்றது. கிரேஸி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"புயல் இல்லியாங்க?"

"இல்ல."

"அப்போ ஜாஸ்மின் வீட்டுக்குப் போலாமா?"

"துணிமணி ஒண்ணும் எடுத்து வெக்கலியே" என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தேன்.

"புதன்கிழமையே பை கட்டிட்டேங்க. உங்க சட்டையும் இஸ்திரி போட்டு வந்துடுச்சு."

"புதன்கிழமதானே புயல்னு சொன்னேன்?"

"தெனம் அதத் தொடைக்கிறது நாந்தானேங்க. வாங்கியாந்த நாள்லருந்து முள்ளு அங்கியேதான் நிக்குது. தெனம் ஒரு புயலா வரும், நம்ம ஊருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ரயில் ஏறினோம். நான் ஒரு பை, பாப்பா ஒரு பொம்மை, கிரேஸி மடியில் பூப்போட்ட காகிதம் சுற்றிய ஒரு பெட்டி.

"இன்னா அது?"

"ஜாஸ்மினுக்கு கிஃப்ட்டு."

குக்கர் என்று நினைத்துக்கொண்டேன். நடுவழியில் சுஹேலிடமிருந்து போன். டெலஸ்கோப்பை ஒரு பிரியாணிக் கடை முதலாளி ஏலத்துக்கு முன்னாலேயே பேசி எடுத்துவிட்டாராம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தப் போகிறாராம். எதைப் பார்ப்பார், எலும்பையா? வெகு நேரம் ஜன்னலோடு பேசிக்கொண்டு வந்தேன்.

ஜெபம் முடிந்தது. கேசரி சாப்பிட்டோம். கிஃப்ட்டுகளைப் பிரித்தார்கள். பூப்போட்ட காகிதத்துக்குள்ளிருந்து என் பாரோமீட்டர் வந்தது.

கிரேஸியைப் பார்த்தேன். அவள் காதோரம் சொன்னாள்: "கெட்டுப்போனதுன்னு சொன்னீங்களே. சும்மா அழகுக்கு மாட்டுறதுன்னும் சொன்னீங்களே."

இரண்டையும் நான்தான் சொன்னேன். சகலை பிரேம்நாத் அதற்குள் ஆணி அடித்து மாட்டிவிட்டார். ஊரெல்லாம் கூடியிருக்கிற வீட்டில் ஆணியோடு மல்லுக்கட்ட முடியுமா? கிட்டே போய்ப் பார்த்தவர் சொன்னார்:

"ஃபேர், அதாவது தெளிஞ்ச வானம்னு காட்டுது சகலை. வெளியவும் வெயிலு. பக்காவா வேலை செய்யுது. இவ்ளோ நல்ல சாமானக் குடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

எனக்கு வரவில்லை என்று எப்படிச் சொல்வது? சிரித்தேன். முள்ளைப் பார்த்தேன். ஆம்பூரில் ஒரு மயிரிழை அசையாத முள், இங்கே நிமிர்ந்து நின்றது.

திரும்பி வரும்போது போனில் தேடிப் படித்தேன். விஷயம் ரொம்பச் சாதாரணம். அந்த பாரோமீட்டரின் முள் கடலோர ஊரின் காற்றழுத்தத்துக்குத் தகுந்தபடி வைத்தது. நம்ம ஊர் கடலைவிட ஆயிரம் அடி உயரம். உயரம் ஏற ஏற காற்று அழுத்தம் குறையும். அதனால் ஆம்பூரில் மாட்டினால் முள் எப்போதும் புயலிலேயே நிற்கும். பின்பக்கம் ஒரு திருகாணி இருக்குமாம். லேசாகத் திருப்பிவிட்டால் நம்ம ஊரிலும் ஒழுங்காகக் காட்டுமாம்.

பக்கத்தில் கிரேஸி தங்கை கொடுத்த தேங்காய் பர்பியைப் பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"கிரேஸி, அது கெட்டுப்போகல. நல்லாத்தான் கீது."

"நெஜமாவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பத்தாங்க நிம்மதி. கெட்டுப்போனதப் போயி தங்கச்சிக்குக் குடுத்துட்டமேன்னு வழியெல்லாம் கஷ்டமா இருந்துச்சு."