பாவற்காய் டப்பாவைத் திறக்க வேண்டாம்

நோர்பரி,
செவ்வாய்க்கிழமை மாலை

அன்பும் மதிப்பும் மிக்க கிருஷ்ணராசா அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் சுபாஸ்கரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், யோகமலர், மகன் யனுஷன் மூவரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்பதுதான் முறை. ஆனால் முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தோம், நீங்களும் சீனி வருத்தத்தை மறந்து இரண்டாம் முறை பாயசம் வாங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன், ஆகவே நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். வரும்போது உங்கள் செல்லமகள் கோசிகா எங்கள் பைக்குள் வைத்துவிட்ட மீன்தலைக் கறிக்கும் நன்றி. கொண்டுவந்த பை வெறும் பையாகத் திரும்பக்கூடாது என்பதை லண்டனில் பிறந்த பிள்ளை மறக்காமல் செய்வதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. "மாமாவுக்கு விருப்பம், எங்கட வீட்டில ஒருத்தரும் சாப்பிட மாட்டினம்" என்று சொல்லித்தான் வைத்தாள்.

டூட்டிங்குக்கும் நோர்பரிக்கும் என்ன பெரிய தூரம், இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டிக் கடிதம் எழுத இவனுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். அத்தான், உங்கள் தொலைபேசி எப்போதும் சத்தமாகக் கேட்கும்படிதான் இருக்கும். நான் ஹலோ சொன்னால் உங்கள் கடையில் வெண்டிக்காய் பொறுக்குகிறவர்களும் ஹலோ சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அக்காதான் உங்களுக்கு வாசித்துச் சொல்வார். நேரில் வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச்சு வராது. ஆகவே இதைக் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய், தனியாக நின்று வாசியுங்கள்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கொண்டுவந்த டப்பாக்களில், மூடியில் "பாவற்காய்" என்று ஒட்டியிருக்கும் ஐஸ்கிறீம் டப்பா ஒன்று உங்கள் பிறீசரில் இருக்கிறது. அதைத் திறக்க வேண்டாம், உருக்க வேண்டாம், அக்காவைத் தொட விடவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை அக்கா மீன் மச்சம் தொடமாட்டார் என்பதும், மரக்கறி தேடிப் பிறீசரைத் திறந்தால் முதலில் கையில் படப்போவது அதுதான் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு முன்பு நீங்கள் அதை எடுத்துக் கடைக்குக் கொண்டுவந்து வைத்தால் நான் வந்து வாங்கிக்கொள்வேன். அக்காவுக்கே போன் எடுத்துத் திறக்காதே என்று சொல்லலாம்தான். ஆனால் அவர் என் உடன்பிறப்பு, திறக்காதே என்று சொன்னால் போனை வைக்க முன்னமே திறந்துவிடுவார்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்த டப்பாவுக்குள் பாவற்காய் இல்லை அத்தான். தண்ணீர்தான் இருக்கிறது, கட்டியாக உறைந்த தண்ணீர், அதன் நடுவில் என்னுடைய கிரெடிட் கார்ட் இருக்கிறது. தமிழ் வானொலியில் ஒரு அம்மா வந்து கடனில் இருக்கிறவர்களுக்கு யோசனை சொன்னாரே, கார்டைத் தண்ணீரில் போட்டு உறைய வையுங்கள், வாங்க ஆசை வந்தால் கட்டி உருகும் மட்டும் காத்திருக்க வேண்டும், அதற்குள் ஆசை போய்விடும் என்று, அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் யோகமலர் யாரோ வேறு ஆட்களைப் பற்றிப் பேசுகிறவள் போலச் சொல்ல, எல்லோரும் சிரிக்க, அக்கா கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்து "ஆருக்கடி இப்பிடிப்பட்ட கதி?" என்று கேட்டாரே, அந்தக் கதி எங்களுக்குத்தான். கண்ட இடத்தில் வைத்தால் நான் எடுத்துவிடுவேன், ஐஸ்கிறீம் என்று நினைத்து யனுஷன் திறந்துவிடுவான் என்று, எங்கள் வீட்டில் ஆண்கள் இருவரும் கையாலும் தொடாத காய் எது என்று யோசித்து யோகமலர் மூடியில் அந்தப் பெயரை ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அவள் சேலை கட்டிக்கொண்டிருக்க, அது ஒன்றும் தெரியாமல் பையை நான் அடுக்கினேன். அத்தானுக்குச் சீனி வருத்தம், பாவற்காய் நல்லது என்று எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. என் நல்ல எண்ணங்களால்தான் அத்தான் நான் இந்த நிலைக்கு வந்ததே.

முதல் நல்ல எண்ணம் கோசிகா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டில் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் தம்பி சுவிஸிலிருந்து வந்து பிள்ளைக்கு நகை போடப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், தாய்மாமன் நான் ஒரு உறையை நீட்டிவிட்டு மூலையில் நிற்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நானாகத்தான் வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டி பிடித்தேன். குதிரை வந்தது, வாசலில் கட்டியிருந்த வாழையைத் தின்றது, பிறகு வாழை தின்ற குதிரை என்ன செய்யுமோ அதையும் செங்கம்பளத்தில் செய்தது, மண்டபக்காரனுக்குத் துப்புரவுக் காசும் கார்டில்தான் போனது. அன்றைக்கு நீங்கள் மேடையில் மைக்கைப் பிடித்து "என்ர மச்சான் மாதிரி ஒரு மாமன் ஆருக்குக் கிடைக்கும்?" என்று கேட்டீர்கள். எனக்கு நெஞ்சு விம்மியது. அந்தக் குதிரை இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருக்கும், நான் மட்டும் இன்னும் அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

குதிரையில் மட்டும் பழியைப் போட்டுவிட்டுத் தப்ப மாட்டேன். பிறகு கார் பழுதானது, காஸ் பில் ஏறியது, வீட்டுக் கடன் வட்டி ஏறியது, ஒவ்வொரு கிழமையும் ஒரு கல்யாணமோ பிறந்தநாளோ வந்தது, ஒவ்வொன்றுக்கும் உறைக்குள் காசு வைக்க வேண்டியிருந்தது. மாதாமாதம் ஆகக் குறைந்த தொகையைக் கட்டினேன். அப்படிக் கட்டுகிறவனை வங்கி நல்ல பிள்ளை என்றுதான் நினைக்கிறது, கார்டின் அளவைக் கூட்டித் தந்து மரியாதை செய்தது. முதல் அப்படியே இருந்தது, வட்டிதான் போனது. பிறகு ஒரு கார்டை எடுத்து மற்றக் கார்டின் வாயை அடைத்தேன், அதற்கு இன்னொன்று. இத்தனையும் நடந்தபோது வீட்டில் நானும் யோகமலரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்தேன். தனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்தாள். அத்தான், கடனைவிட அந்த மௌனம்தான் எனக்குப் பாரமாக இருந்தது.

கடைசியில் அவள்தான் என்னைக் கவுன்சில் கட்டடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கடன்பட்டவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்ல ஸ்ரீனிவாஸ் என்று ஒரு இந்தியத் தமிழ்ப் பிள்ளை இருக்கிறார். நல்ல பிள்ளை. வரவு செலவு எல்லாம் கேட்டு எழுதினார். கல்யாணவீட்டு உறைகள் என்று சொன்னதும் பேனா நின்றுவிட்டது. "சார், இதை எங்க போடறது? பொழுதுபோக்குன்னு போட்டுடவா?" என்று கேட்டார். யோகமலருக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "என்ன தம்பி பொழுதுபோக்கு? சோறு, கறண்ட், அதுக்குப் பக்கத்தில எழுதுங்கோ!" என்றாள். அவர் அப்படியே எழுதினார். பிறகு கூட்டிப் பார்த்துவிட்டு, சிலர் வீட்டு வாடகைக்குக்கூட இவ்வளவு கொடுக்கமாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அவர் வங்கிகளோடு பேசி வட்டியை நிறுத்தி, மாதம் இவ்வளவு என்று ஒழுங்கு செய்து தந்திருக்கிறார். நான் சனி ஞாயிறிலும் ஷிப்ட் செய்தால் யனுஷன் படித்து முடிக்கும்போது நாங்களும் முடித்துவிடுவோம். எல்லாக் கார்டையும் வெட்டச் சொன்னார். "அவசரத்துக்கு ஒண்டு கிடக்கட்டும்" என்று யோகமலர் மிச்சம் வைத்ததுதான் உங்கள் பிறீசரில் இருப்பது. எழும்பும்போது அந்தப் பிள்ளை இன்னொன்றும் கேட்டார்: "சொந்தக்காரங்க யாருக்காவது தெரியுமா சார்?" நான் சிரித்துச் சமாளித்தேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆவணியில் கோசிகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நீங்கள் என் முதுகில் தட்டி, "மேடையும் படமெடுப்பும் மாமன்ர பொறுப்பு. நான் கேக்கத் தேவையில்லை, அவன் செய்வான்" என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலை இன்னும் நிற்கவில்லை. வரும் வழியில் யோகமலர் பஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் "கட்டியை உடைக்கப் போறியளோ?" என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை மேடைக்காரன் முற்பணம் கேட்டான். கட்டி எங்கே என்று யோகமலரைக் கேட்டேன், பாவற்காய் டப்பாவில் என்றாள், நான் பிறீசரைத் திறந்து தேடினேன். இல்லை. எங்கே போனது என்று விளங்கியபோது எனக்குப் பயம் வந்தது, அதற்கும் முதலே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

அத்தான், என்னால் ஏலாது. நாக்கில் வராததைப் பேனாவால் எழுதிவிட்டேன். மேடை என்னால் ஏலாது, படமெடுப்பும் ஏலாது. கடன் என்றால் உங்களுக்குப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். "கையில காசு இருந்தால்தான் ஜெர்மன்காரன் சாமான் வாங்குவான்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள், ஜெர்மனியில் இருந்த காலத்தில் ஒரு கோப்பிக்குக்கூடக் கடன் சொன்னதில்லை என்று. நான் உங்கள் கண்ணில் சிறுத்துப்போவேன் என்ற பயத்தில்தான் இவ்வளவு நாளும் மறைத்தேன். நீங்கள் ஏசினால் வாங்கிக்கொள்கிறேன். நான் கட்டித் தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை என்னால் தாங்க முடியாது. பிள்ளையைக் கையில் பிடித்து மணவறைக்கு அழைத்துவர மாமன் வேண்டுமென்றால் நான் வருவேன், வட்டியில்லாமல் வருவேன். ஞாயிற்றுக்கிழமை குசினியில் கோசிகா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, ஒனஸ்ட்லி, எனக்குக் கோயில்ல சின்னதா செய்தாலே காணும். அப்பாட்ட சொல்லாதீங்கோ." சொல்லாதே என்றதையும் சொல்லிவிட்டேன். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்கிற நாள் போலிருக்கிறது.

அக்காவிடம் பொருத்தமான நேரம் பார்த்து நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். கோசிகாவுக்கு என் ஆசிகள். உங்கள் கடையில் வியாபாரம் செழிக்கட்டும், உங்கள் சீனி இறங்கட்டும்.

என்றும் உங்கள் அன்பை நம்பியிருக்கும்,
சுபாஸ்கரன்

பி.கு.: அத்தான், உறையை ஒட்டப்போகும் நேரத்தில் இதை எழுதுகிறேன். நான் மேசையை விட்டு எழும்பாததால் இரவுச் சாப்பாட்டுக்கு உங்கள் மீன்தலைக் கறியைச் சூடாக்கலாம் என்று யோகமலர், மூடியில் "மீன்தலை" என்று ஒட்டியிருந்த உறைந்த டப்பாவைச் சுடுதண்ணீரில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து கூப்பிட்டாள்: "இஞ்சேருங்கோ, மீன்தலைக்குள்ள உங்கட அத்தான்ர பேர் கிடக்குது."

போய்ப் பார்த்தேன். கறி இல்லை, எங்களுடையதைப் போலவே உறைந்த தண்ணீர். கட்டியின் ஒரு மூலை உருகி, கார்டின் விளிம்பு வெளியே தெரிந்தது. உங்கள் பெயர்தான். அதற்கு மேல் உருக விடவில்லை, உடனே எடுத்து எங்கள் பிறீசரில் வைத்துவிட்டோம். யோகமலர் சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தாள். அக்கா ஏன் அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார் என்று இப்போதுதான் விளங்குகிறது. ஜெர்மன்காரன் கதையை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை, உங்களுக்கே சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்பதும், மேடை ஏன் மாமன் தலையில் விழுந்தது என்பதும் விளங்குகிறது. எனக்குக் கோபம் இல்லை அத்தான். பல வருடங்களுக்குப் பிறகு உங்கள் பக்கத்தில் சமமாக உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. கோசிகா தெரியாமல்தான் அந்த டப்பாவைப் பைக்குள் வைத்தாளா என்று யோகமலர் கேட்கிறாள். எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

ஆகவே மேலே எழுதியதில் பாதியை அழித்துவிட்டு வாசியுங்கள். பாவற்காயைக் கடைக்குக் கொண்டுவர வேண்டாம். அது உங்கள் பிறீசரிலேயே கிடக்கட்டும், உங்கள் மீன்தலை எங்கள் பிறீசரில் கிடக்கும். உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்கள் இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், எனக்கு வேண்டுமென்றால் நான் அங்கே வர வேண்டும். இரண்டு பேருக்கும் அந்தத் துணிவு இல்லை, அதனால் இரண்டு கார்டும் பத்திரமாக இருக்கும். அந்தக் கவுன்சில் பிள்ளையின் தொலைபேசி எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கல்யாணவீட்டு உறைகளைப் பொழுதுபோக்கு என்று எழுத வந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள், யோகமலர் அதை ஏற்கெனவே வென்று வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தைப் பற்றிப் பேச வருகிறோம். கோயிலில், சின்னதாக. இந்த முறை வெறுங்கையோடு வருவோம். திரும்பும்போது நீங்களும் எங்களுக்கு ஒன்றும் தந்துவிடாதையுங்கோ.