பதினொரு நிமிடம் பேசிய பெரட்டு சார்

விரிவுரை செய்யாத விரிவுரையாளர் என்று இந்த மலைநாட்டில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்கு ஒரு பெயர் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் நாற்பது மாணவர்களும் இரண்டு காவலாளிகளும் கீழே பிளேன்டீக் கடை நடத்தும் நானாவும் அவரைப் பெரட்டு சார் என்றுதான் சொன்னார்கள்.

முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றபின், ஹட்டன் நகரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. வரவுப் பதிவேடும் கதிரைகளும் என் பொறுப்பு. அறுபத்தொரு படி ஏறினால் வகுப்பறை. அதில் ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு கதிரை. பெரட்டு சார் வந்த முதல் நாளே அத்தனையையும் நாலு நாலாக வட்டம் போட்டுத் திருப்பிவிட்டார். நாற்பத்திரண்டை நாலால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். அந்த இரண்டை நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

“என்ன சார் இது, கல்யாண வீடு மாதிரி?”

“மிஞ்சுன ரெண்டுல ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு மாஸ்டர். உக்காருங்க. நீங்கதான் வெரலு எண்ணப் போறீங்க.”

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பிரித்துவிடும் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர். இவரும் அதைத்தான் செய்தார். காலையில் எல்லாரையும் வாசலில் நிறுத்தி, “நீங்க நாலு பேரும் ரெண்டாம் நம்பர் மலை, நீங்க ஏழாம் நம்பர் மலை” என்று வட்டங்களுக்கு அனுப்புவார். பலகையில் ஒரு கேள்வியும் மூன்று விடைகளும் எழுதுவார். எல்லாரும் தங்கள் விடைக்கு விரல் காட்ட வேண்டும், நான் எண்ண வேண்டும். பிறகு, “பக்கத்துல வேற வெரலு காட்டுனவங்கள உங்க பக்கம் இழுங்க பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு பால் கலக்காத பிளேன்டீயுடன் சுற்றி வருவார். சண்டை கூரையைத் தூக்கும். மறுபடி விரல், மறுபடி எண்ணிக்கை. யாராவது சரியான விடையை அவரிடம் கேட்டால், “எனக்கு என்னங்க தெரியும்? அவங்கள கேளுங்க” என்பார்.

ஒருநாள் பாரம் ஏறினால் உத்தரம் எப்படி வளையும் என்பது பாடம். என்னுடைய அறிவித்தல் பலகையைச் சுவரிலிருந்து கழற்றி இரண்டு மேசைகளுக்கு நடுவே போட்டு, வகுப்பிலேயே பருமனான ரிஸ்வானை அதன்மேல் நடக்கச் சொன்னார். எந்த இடத்தில் முறியும் என்று முப்பத்தொன்பது பேரும் விரல் காட்டினார்கள். முப்பத்து நாலு பேர் சரி. பலகை முறிந்தது, எட்டு அறிவித்தல்களும் இருபத்திரண்டு குண்டூசிகளும் சிதறின. பத்தொன்பது குண்டூசிதான் திரும்பக் கிடைத்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்துப் பரீட்சைக் கேள்வியை ஒருவர் பாக்கியில்லாமல் சரியாக எழுதினார்கள்.

சார் பாடம் நடத்தாமல் பெரட்டு நடத்துகிறார் என்று இரண்டாம் மாதம் ஒரு முறைப்பாடு வந்தது. பதினேழு கையெழுத்து, ஒருவன் இரண்டு தரம் போட்டிருந்ததால் பதினாறு. முதல் கையெழுத்து வட்டகொடைத் தோட்டத்துப் பிள்ளை ஸ்டெல்லாவுடையது. வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காதவள், அன்று சாருக்கு முன்னால் நின்று திறந்தாள்.

“எங்கம்மா தெனமும் பெரட்டுல நிக்கிறது போதாதுங்களா சார்? படிக்க வந்தும் நான் பெரட்டுல நிக்கணுமா?”

அவர் முகம் கறுத்தது. பிறகு கேட்டார்: “பெரட்டுல யாரும்மா பேசுறது?”

“கணக்கப்பிள்ள.”

“உங்கம்மா?”

“கேட்டுக்கிட்டு நிக்கும்.”

“இங்க யாரு பேசுறா?”

ஸ்டெல்லா போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தாள். ஆனால் கையெழுத்தை வாபஸ் வாங்கவில்லை. மறுநாளிலிருந்து சார் வாசலில் யாரையும் நிறுத்தவில்லை. அவரவர் விரும்பிய வட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

முறைப்பாடு கல்லூரிப் பணிப்பாளரிடம் போனது. அவரும் பொறியியலாளர்தான். “மாஸ்டர், இந்த மனுசன் எவ்வளவு நேரம் பேசுறாரு?” என்று கேட்டார். நான் குறித்து வைத்திருந்தேன். குறிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. “தொண்ணூறு நிமிஷத்துல பதினொண்ணு, சார்.”

“மிச்ச எழுபத்தொன்பது நிமிஷம்?”

“பிளேன்டீ, சார்.”

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. மாதக் கடைசியோடு சாரின் ஒப்பந்தம் முடிகிறது. பணிப்பாளர் ஒரு வகுப்பைப் பார்ப்பார். பிடித்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் கொழும்பு பஸ். அங்கே நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு, நம்ம பிள்ளைகளுக்குத்தான் படிப்பிப்பேன் என்று வந்தவர் அவர். நான் சொன்னதைச் சாரிடம் ஒப்புக்கொண்டேன். “உள்ளததானே சொன்னீங்க மாஸ்டர்” என்று சிரித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வகுப்பைப் பார்க்க வந்த நாளில் என் கதிரையில் பணிப்பாளர் உட்கார்ந்தார். நான் நின்றேன். கேள்வி இதுதான்: தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கும் மதில். தண்ணீர் வடியும் துளைகள் அடைத்திருக்கின்றன. மூன்று நாள் மழையில் மதில் சாய்கிறது. சாய்த்தது எது? ஒன்று, மண். இரண்டு, தண்ணீர். மூன்று, சீமெந்து.

விரல்கள் எழுந்தன. ஒன்றுக்கு இருபத்து நாலு, இரண்டுக்குப் பன்னிரண்டு, மூன்றுக்கு ஐந்து. மொத்தம் நாற்பத்தொன்று. யார் அந்த அதிகப்படி என்று பதறிப் பார்த்தேன். பணிப்பாளரின் ஒரு விரல், பாதி தூக்கியபடி.

பக்கத்து வட்டத்தில் ஸ்டெல்லா இரண்டு விரல் காட்டியிருந்தாள். பணிப்பாளர் பக்கம் திரும்பினாள்.

“சார், அது பிழைங்க.”

முப்பத்தொன்பது தலைகள் அவள் பக்கம் திரும்பின.

“நனைஞ்சா மண்ணு கனக்கும் பிள்ள” என்றார் பணிப்பாளர்.

“கனக்குந்தாங்க. எங்க லயத்துக்குப் பின்னாலயும் மதில் இருக்கு. மழை பேஞ்சா எங்கம்மா கம்பியால தொளைய குத்திவிடும். மண்ணுங்களா வெளிய வருது? தண்ணிதானே பீச்சி அடிக்குது? தண்ணி போனா அதே ஈர மண்ணுக்கு மதில் நிக்குதே, எப்படிங்க சார்?”

“அட பிள்ள, அப்படிச் சொல்ல ஏலாது…” என்று பணிப்பாளர் கதிரையை அவள் வட்டத்துக்குள் இழுத்தார். பேனையை எடுத்தார். அவள் அதைப் பிடுங்கிப் படம் வரைந்தாள். அப்புறம் அந்தப் பக்கம் சத்தம்தான். சார் ஜன்னலோரம் நின்று தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். அது ஆறி நெடுநேரம் ஆகியிருந்தது.

இரண்டாம் தரம் எண்ணினேன். இரண்டுக்கு முப்பத்தொன்பது. அதில் ஒன்று பணிப்பாளர்.

வகுப்பு முடிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். “இன்னைக்கு எத்தன நிமிஷம் பேசினாரு?”

“ஒம்பது, சார்.”

“நான்?”

குறிப்பைத் திருப்பினேன். “பதினாலு, சார்.”

“அந்தப் பிள்ள?”

“பதினாறு.”

அவர் படியிறங்கினார். இருபதாவது படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “ரெண்டு வருஷத்துக்கு லெட்டர அடிச்சிருங்க மாஸ்டர்.”

அன்று பின்னேரமே அடித்தேன். பெரட்டு சாரின் உண்மையான பெயரை எழுத்து எழுத்தாக மூன்று தரம் சரிபார்த்தேன், பிழை இல்லை. நாலாம் தரம் சும்மா வாசித்தேன்.