எலுமிச்சம்பழம் பிழிந்த கை

விடாமல் தொழுகிறவர்களுக்கு நெற்றியில் தழும்பு விழும். ஹசன் அலிக்கு நகத்தில் ரோஸ் கலர் விழுந்தது.

தினமும் மதியச் சோறு தின்றதும் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "பள்ளிக்குப் போயிட்டு வாரேன்" என்று மனைவி மைதீன் பாத்திமாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார். பள்ளிவாசலைக் கடந்து, பஸ் ஏறி, ஊருக்கு வெளியே இருக்கிற சாயப்பட்டறையில் போய் இறங்குவார். தொப்பி சட்டைப் பைக்குள் போய்விடும். கொதிக்கிற தொட்டிப் பக்கம் நின்று நூலைப் புரட்டிவிட்டு, பொழுது அடையும் நேரத்துக்கு மறுபடி தொப்பியோடு வீடு திரும்புவார். அவ்வளவு நேரம் நெசமாகவே தொழுதிருந்தால் மேலப்பாளையத்தில் அவருக்குத் தனியாக ஒரு தர்கா கட்டியிருப்பார்கள்.

பட்டறைக்குப் போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பாதி ஆயுசு அந்த ஆவியைக் குடித்ததில் நெஞ்சு நைந்துவிட்டது, இனியும் குடித்தால் ஆள் மிஞ்சமாட்டார் என்று படத்தைத் தூக்கிக் காட்டிச் சொல்லியிருந்தார். அடுத்த தொட்டியில் நின்ற ரசீத் இருமி இருமியே போன மழைக்காலத்தில் மவுத்தானான். அவன் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தபோது ஹசன் அலி குலுங்கிக் குலுங்கி இருமினார். கூட்டாளிக்காக அழுகிறார் என்று ஊர் நினைத்தது. வாசலில் நின்று பார்த்த பாத்திமா அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கே பட்டறையைத் தலைமுழுக வைத்துவிட்டாள்.

பிறகு செடிச் சாயம் காய்ச்ச அவளே அடுப்பைப் பற்றவைத்தாள். ஊரே ஒழித்துக்கட்டச் சொல்கிற சீமைக்கருவேலமும் உன்னிச்செடியும், யாரும் சீந்தாத மஞ்சணத்தி வேரும் கொல்லையில் வந்து குவிந்தன. கருவேலம் பட்டையோடு கடுக்காயைப் போட்டுக் காய்ச்சி, பழைய ஆணியும் லாடமும் கருப்பட்டியில் ஊறிய துருத் தண்ணீரை அதில் ஊற்றினால் துணி கன்னங்கரேலென்று ஆகும். டவுணில் ஒரு ஜவுளிக்கடை அத்தனையையும் வாங்கிக்கொண்டது. வீட்டில் உலை கொதித்தது. ஆனால் பெண்டாட்டி சம்பாதித்த சோறு ஹசன் அலிக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இறங்காத சோற்றுக்காகத்தான் தொப்பி.

ஒருநாள் பாத்திமா அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்ன நகத்துல ரோஸு?"

"மருதாணி."

"ஆம்பிளைக்கு என்னத்துக்கு மருதாணி?"

"தாடிக்குப் போடுதது நபி காட்டுன சுன்னத்துளா."

"ஒங்களுக்குத் தாடியே இல்லையே."

"முளைக்காமலா போயிரும்?"

தப்பித்தாகிவிட்டது. இரண்டாம் தடவை தப்ப முடியாது என்று தெரிந்ததும் ஹசன் அலி மகத்தான முடிவு ஒன்றை எடுத்தார். மறுநாள் காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லையில் போய் நின்றார்.

"இனிமே காலைல ஒனக்கு நான் ஒத்தாசை."

பாத்திமா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அவர் கணக்கு சுலபமானது. மத்தியானம் ஏறுகிற ரோஸைக் காலையில் ஏறுகிற கறுப்பு மூடிவிடும். கறை பிடித்த கையில் எந்தக் கறை எங்கே பிடித்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்? ஆறிய கறுப்புத் தொட்டியில் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினார்.

"கம்பு கெடக்கே. கம்பால கிண்டுங்க."

"கையால கிண்டுனாத்தான் சாயம் நல்லாப் பிடிக்கும்."

"துணிக்கா, ஒங்களுக்கா?"

"எல்லாத்துக்கும்தான்."

நடுவில் இருமல் வந்தால் புகை கண்ணைக் கரிக்கிறது என்று வேலிப் பக்கம் போய் இருமிவிட்டு வருவார். இருமலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு வெற்றியாகத் தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை பாத்திமா கூடை நிறையப் புளியங்குடி எலுமிச்சம்பழத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"ஊறுகாய்க்குச் சாறு பிழிஞ்சு தாங்க. என் கை காந்துது."

பட்டறை மனிதருக்குத் தெரிந்த சாயமெல்லாம் ஆளைக் கொன்றாலும் தான் போகாத சாயம். துருக் கறுப்புக்கு எலுமிச்சைச் சாறு எமன் என்பதும், அதனால்தான் அவள் துணிப் பக்கம் ஊறுகாய்ச் சாடியை அண்டவே விடுவதில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. உற்சாகமாகப் பிழிந்தார். சாறு விரலிடுக்கில் ஓட ஓடக் கறுப்பு கரைந்து வழிந்தது. அடியிலிருந்து ரோஸ் கலர் பளிச்சென்று வெளியே வந்தது.

பாத்திமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என் சாயம் போயிட்டு. இது எந்தச் செடி?"

ஹசன் அலி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பள்ளில எந்தத் தொட்டியில கை கால் கழுவி ஒளு செஞ்சிய?"

வேறு வழி இல்லாமல் அவர் கோபப்பட்டார். "ஆமா, போறேன். அதுக்கென்ன? இப்பல்லாம் முன்ன மாதிரி இல்ல. கூரையில ஓட்டை போட்டிருக்கான், காத்து பிச்சுக்கிட்டுப் போவுது. அந்த ஆவி ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதா?"

"செய்யாது."

"நெசமாவா?"

"பச்சைப் பிள்ளையக் கொண்டு நிறுத்தலாம்ளா."

"சரி" என்று கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான். அழவில்லை, சண்டை இல்லை. இவ்வளவு சுலபமா என்று ஹசன் அலிக்கே ஆச்சரியம். மறுநாள் மதியம் அவள் வீட்டில் இல்லை. டவுண் கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, தொப்பியைக்கூட எடுக்காமல், தலை நிமிர்ந்து பட்டறைக்குப் போனார்.

வாசலில் மேஸ்திரி சுடலைமணி சிரித்தார். "வாரும் வே. ஒம்ம வீட்ல இருந்து வந்திருக்காவல்லா. ரசீத் தொட்டி ஆளில்லாமக் கெடந்துச்சு, நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஹசன் அலி உள்ளே ஓடினார். ஆவிக்கு நடுவில், துப்பட்டியை இழுத்து மூக்கைச் சுற்றிக்கொண்டு, ரசீத் நின்ற இடத்தில் பாத்திமா நூலைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, வெளிய வா!"

"எதுக்கு? ஒண்ணும் செய்யாதுன்னு நீங்கதான சொன்னிய?"

"கிறுக்கா ஒனக்கு? இது ரசீத் நின்ன எடம்!"

"அதுக்குப் பக்கத்து எடந்தான ஒங்க எடம்? வந்து நில்லுங்க. தெனமும் சேந்தே வருவோம். போறதும் சேந்தே போயிருவோம்."

ஹசன் அலி வாயைத் திறந்தார். அவர் சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் பாத்திமா இருமினாள். ஒரே ஒரு தடவை. அடித்தொண்டையிலிருந்து, ரசீத் ஆரம்பத்தில் இருமியது மாதிரியே.

ஹசன் அலி தொட்டியைச் சுற்றி ஓடினார். அத்தனை பேர் பார்க்க அவளுடைய ரோஸ் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வரமாட்டேன்ளா. இனிமே இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டேன். நீ வெளிய மட்டும் வந்துரு."

வந்தாள். பஸ்ஸில் இருவரும் ரோஸ் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

இப்போது ஆற்றோரம் சீமைக்கருவேலம் பட்டை உரிக்கிறவர் ஹசன் அலிதான். அவர் இருமல் அவரை விட்டுப் போகவில்லை. போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாத்திமா அதற்கப்புறம் ஒரு தடவைகூட இருமியதில்லை. அன்றைக்கு இருமியது நெசமா, நடிப்பா என்று அவர் கேட்காத நாளில்லை.

"இன்னொரு மட்டம் பட்டறைக்குப் போய்ப் பாருங்க, தெரியும்" என்பாள்.