ஊதுபத்தி சார் பொட்டு வைத்த ப்ளோயர்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வீசுகிற மொத்தக் காற்றுக்கும் தான்தான் பொறுப்பு என்று நினைத்த மனிதர் ஒருவர் உண்டு. அவருக்கும் ஒரு பெயர் இருக்கும். அடையாள அட்டையில் போட்டிருப்பார்கள். அந்த அட்டையை அவர் சட்டைப் பைக்குள் திருப்பிப் போட்டிருப்பார். எங்களுக்கு அவர் ஊதுபத்தி சார்.

நான் டக்ட் பிட்டர். தகரத்தை மடித்துக் குழாய் செய்து கூரைக்கு ஏற்றுவது என் வேலை. எந்தத் தொழிற்சாலைக்கு எந்த ஃபேன், எவ்வளவு பெரிது, எந்த வேகம் என்று முடிவு செய்வது அவர் வேலை. காற்றை அளக்க மீட்டர் இருக்கிறது. எங்கள் கம்பெனி அவருக்கு ஒன்று வாங்கியும் கொடுத்தது. அதைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தார். வெளியே எடுத்தால் தூசி பட்டுவிடுமாம். ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடிப்பார். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். மீட்டர் நம்பரைத்தான் சொல்லும், புகை நடப்பதைச் சொல்லும் என்பது அவர் கட்சி.

டீக்கடையிலும் அதே கதைதான். பத்தியோடு மூலை மூலையாக நின்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். முதல் நாள் கடைக்காரர் ஏதோ பூஜை என்று நினைத்துத் தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குன்றத்தூரில் எங்கள் முதலாளி வீட்டுக் கல்யாணம். ஓமப் புகை பந்திக்குள் வந்தது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். இவர் இலையை விட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டி நாற்காலி மேல் ஏறி, அடைத்துக் கிடந்த ஜன்னலை நெம்பித் திறந்தார். பந்தியில் புகை நின்றது. மொத்தப் புகையும் மாப்பிள்ளை அறைக்குள் திரும்பியது. மாப்பிள்ளை மணமேடைக்கு அழுதுகொண்டே வந்தார். முதலாளி கேட்டதற்கு, புகையை ஒழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும் என்று பதில் சொன்னார்.

தொழிற்சாலைக்குள் தீப்பெட்டி கொண்டுபோக முடியாது. கேட்டில் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொள்வார். பத்தியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே கோயிலா கட்டுகிறீர்கள் என்று கேட்பார். அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் ஊதுபத்தி சார் முதலில் தேடுவது கேன்டீன் அடுப்பை. அங்கேதான் பத்தி கொளுத்த முடியும். இந்தப் பக்கத்தில் அவரை அறியாத கேன்டீன் கிடையாது.

வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. அங்கே கேன்டீன் சமையல் மேரி அக்கா. அதே ஊர்க்காரர். சுவரில் இருந்த பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் எண்ணெய்ப் பிசுக்கில் சுற்றவே யோசிக்கும். தோசைக்கல் புகை சாப்பிடுகிற ஹாலுக்குள் போய்விடும். அட்மின் ஆபீசர் முடிவாகச் சொல்லிவிட்டார். புது ஃபேன் போட்டும் புகை நிற்கவில்லை என்றால் அடுப்பையே மூடிவிட்டு, வெளியிலிருந்து சாப்பாடு வரவழைப்பார். மேரி அக்காவும் கூட இருந்த பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வழக்கம்போல் பத்தியோடு அடுப்பை நோக்கிக் குனிந்தவரிடம் அக்கா சொன்னார். "கொளுத்திக்கோ சார். இந்த அடுப்பே போய்டும் போல கீது. அப்பால நெருப்புக்கு எங்க போவ?"

அவர் பத்தியைக் கொளுத்தாமல் நிமிர்ந்தார்.

"இங்கதாம்மா வருவேன்" என்றார்.

பிறகு ஃபேன் பொறுக்குகிற வேலை. பெண் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்கள். புகையைப் பார்க்கத் தோசை வார்க்க வேண்டும். வார்த்தால் யாராவது தின்ன வேண்டும். அதையும் அவரே செய்தார். ஃபேன் பெல்ட் இறுக்கம் பார்க்கிறவருக்கு அந்த வாரம் சொந்த பெல்ட்டில் ஓட்டை போதவில்லை.

சுவர் ஃபேன் வேண்டாம், கூரை மேல் பெல்ட்டில் ஓடுகிற ப்ளோயர் வேண்டும் என்றார். எண்ணெய்ப் புகைக்குள் மோட்டார் இருக்கக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். பிசுக்கு ஒட்டாதபடி இறக்கை பின்பக்கம் வளைந்திருக்க வேண்டும். வெளியே போகிற காற்றுக்குப் பதில் காற்று வர எதிர்ச் சுவரில் ஒரு திறப்பு வேண்டும். சின்னது போட்டால் புகை நிற்காது, ரொம்பப் பெரியது போட்டால் அடுப்பு நெருப்பையும் சேர்த்து இழுக்கும். எல்லாம் நியாயம்தான்.

அட்மின் ஆபீசர் மட்டும், குழாய் தன் ஜன்னல் பக்கம் தெரியாமல் சுற்றிப் போகட்டும் என்றார்.

"புகை இன்னா ஷேர் ஆட்டோவா சார், தெருத் தெருவாத் திரும்பிப் போறதுக்கு?" என்று கேட்டார் இவர். ஒவ்வொரு வளைவும் இழுப்பைத் தின்றுவிடும் என்று விளக்கினார். குழாய் நேராகவே ஏறியது.

ப்ளோயரைக் கூரையில் உட்கார வைத்தோம். கரண்ட் இன்னும் வரவில்லை. அதற்குள் பூஜை. எந்த ஃபேனையும் அவர் பூஜை இல்லாமல் ஓட விட்டதில்லை. மற்றவர்கள் ஒரு பொட்டு வைப்பார்கள். இவர் கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைப்பது போல உள்ளங்கையால் சந்தனம் அப்பினார். அதன் மேல் குங்குமம். அதன் மேல் மாலை. மேரி அக்கா மாதா படம் ஒன்றைக் கொண்டு வந்து, ஒட்டலாமா என்று தயங்கினார். தாராளமா ஒட்டும்மா, ஆள் கூட இருந்தா நல்லதுதான் என்றார் இவர்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் பாபு ஒயரைச் சேர்த்தான். ப்ளோயர் ஓடியது. ஊதுபத்தி சார் அடுப்புக்கு மேல் பத்தியைப் பிடித்தார். புகை மேலே போனது. போதும் என்று கையைத் தட்டிக்கொண்டார். மீட்டர் பெட்டிக்குள் தூங்கியது.

அடுத்த நாள் காலையில் தோசைக்கல் சூடேறியது. புகை பாதி மேலே போனது. பாதி ஹாலுக்குப் போனது. அட்மின் ஆபீசர் வந்து இருமினார். வெள்ளிக்கிழமை வரைதான் என்றார். மேரி அக்கா கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஊதுபத்தி சார் சாப்பிடவில்லை. பெல்ட்டை இறுக்கினார். குழாயில் ஓட்டை தேடிப் பத்தியோடு ஏணியில் தொங்கினார். கட்டுக் கட்டாகப் பத்தி தீர்ந்தது. அடுப்புப் புகை எது, பத்திப் புகை எது என்று எங்களுக்கே தெரியவில்லை. வியாழக்கிழமை என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பூஜையில ஏதோ குறை, ஏழுமலை."

நான் ஏணியை எடுத்தேன்.

புது மாலையோடு மேலே ஏறினோம். ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்த சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்தார். அடியில் சிவப்பாக ஓர் அம்புக்குறி வந்தது. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று ப்ளோயரைச் செய்தவன் போட்ட குறி. அம்பைப் பார்த்தார். கம்பி வலைக்குள் ஓடுகிற பெல்ட்டைப் பார்த்தார். மறுபடி அம்பைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பெல்ட் எதிர்ப்பக்கம் ஓடியது.

இந்த ப்ளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை இழுக்கும். ஆனால் வேண்டாவெறுப்பாக இழுக்கும். பத்திப் புகைக்கு அது போதும். தோசைக்கல்லுக்குப் போதாது. பாபு அம்பைத் தேடியிருப்பான். சந்தனத்துக்கு அடியில் இருந்தால் அவன் என்ன செய்வான்?

ஊதுபத்தி சார் மாலையை மடியில் வைத்துக்கொண்டு கூரை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாபுவக் கூப்பிடு" என்றார் கடைசியில். "அவன ஒண்ணும் சொல்லாத. அவன் மேல தப்பில்ல."

கொஞ்சம் பொறுத்து, "வேற யாருக்கும் சொல்லாத" என்றார்.

பாபு இரண்டு ஒயரை மாற்றிப் போட்டான். ப்ளோயர் அம்புப் பக்கம் சுற்றியது, சத்தமே வேறாக வந்தது. கீழே சுவரில் தொங்கிய காலண்டர் தாள் அடுப்புப் பக்கமாகப் பறந்தது. வெள்ளிக்கிழமை அட்மின் ஆபீசர் வந்தார். இருமவில்லை. இன்னொரு தோசை கேட்டார்.

மேரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாதா கைவுடல சார்."

"ஆமாம்மா. மாதாதான்" என்றார் ஊதுபத்தி சார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இப்போது அவருக்கு வேறு பக்கம் வேலை. நானே பூஜை போட்டு ஃபேனை ஏற்றுகிறேன். ஏற்றுகிற நாள் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். சரியாக போன் வரும். நலம் விசாரிக்க மாட்டார்.

"பொட்டு எங்க வெச்ச?"

"அம்புக்குப் பக்கத்துல சார்."

"சரி" என்று வைத்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு. அந்த போன் வருகிற வரைக்கும் சுவிட்சைப் போட எனக்கு மனசு வருவதில்லை.