சுருதி விலகிய வாரம்

"பாடுறவங்க சொந்தமா, பழக்கமா, அவிய வீட்ல கை நனைச்சிருக்கீகளா, எல்லாத்தையும் விமர்சனத்துக்குக் கீழ ஒரு வரி போட்டுரணும். மறைச்சது தெரிஞ்சா, உம்ம பகுதிக்கு அன்னைக்கே கடைசி" என்று ஆசிரியர் சுயம்புலிங்கம் சொன்னதும், ராஜரத்தினத்தின் தொண்டையில் பாதி வடை நின்றுவிட்டது.

ராஜபாளையத்தில் அவருக்குச் சோறு போடுவது பேண்டேஜ் துணிக் கம்பெனி வேலை. மரியாதை வாங்கித் தருவது, 'ஊர்முரசு' வார இதழில் 'நடுநிலையான்' என்ற பெயரில் அவர் எழுதும் இசை விமர்சனம். நடுநிலை என்றால் அப்படியொரு நடுநிலை. ஸ்ரீவில்லிபுத்தூர் மெல்லிசைக் குழுவின் பாடகி 'சாரல் ஜெயா'வை ஒரு வாரம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார். இன்னொரு வாரம் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். அந்தச் சாரல் ஜெயா தன் மனைவி ஜெயசித்ராதான் என்பது ராஜபாளையத்தில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் மனிதர் நிம்மதியாகத் தூங்கினார்.

இந்த வாரமும் தேரடி மேடையில் அவள்தான் பாடியிருந்தாள். பெயரே வராமல் எழுதிவிட்டால் வம்பில்லை என்று கிடார், தபேலா, மைக் செட், ஜெனரேட்டர் வரை புகழ்ந்து எழுதிக் கொடுத்தார்.

ஆசிரியர் திருப்பி வீசினார். "ஏன்யா, ஜெனரேட்டரா பாடுச்சு? பாடுன பொம்பளய எங்க?"

சரி, குறை சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? வீட்டுக்கு வந்து, 'மூன்றாவது பாட்டில் சுருதி விலகியது' என்று எழுதினார். காபி கொண்டுவந்த ஜெயசித்ரா எட்டிப் பார்த்தாள்.

"இந்த வாரம் நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

"ஒண்ணுமில்லட்டி, சும்மா ஒரு பாதுகாப்புக்கு..."

"உங்க பாதுகாப்புக்கு என் சுருதிதான் கெடச்சுதா?"

காபி வந்த வழியே அடுக்களைக்குத் திரும்பிப் போனது.

அந்த வரியை அடித்துவிட்டு 'தேன் சொட்டியது' என்று மாற்றினார். புகழ்ந்தால் யாராவது துருவுவார்கள். எதையாவது சொல்லித்தான் ஆகவேண்டும். யோசித்து யோசித்துக் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'பாடகி எனக்கு ஓரளவு பழக்கமானவர்.'

அதையும் அவள் படித்தாள்.

"ஓரளவா? இத்தன வருசம் ஆக்கிப் போட்டிருக்கேன், ஓரளவாம்! நல்லாப் பழகுனவ எவளோ அவளையே ஆக்கிப் போடச் சொல்லுங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

சுந்தரபாண்டியம் பஸ் ஏறிவிட்டாள்.

வீடு வெறிச்சென்று கிடந்தது. ராஜரத்தினத்துக்கு அழுகையே வந்துவிட்டது. பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம், அவள் வந்தால் போதும் என்று ஒரே மூச்சில் எழுதினார்: 'சாரல் ஜெயா என் மனைவி. அவள் சுருதி ஒருநாளும் விலகியதில்லை. இத்தனை காலம் இதை மறைத்ததற்கு வாசகர்கள் மன்னிக்கவும்.'

ஆசிரியர் ஓர் எழுத்தைத் தொடவில்லை. 'இத்துடன் நடுநிலையான் பகுதி நிறைவடைகிறது' என்று தன் பங்குக்கு ஒரு வரி மட்டும் சேர்த்தார்.

இதழ் வந்த அன்றே ஜெயசித்ராவும் வந்துவிட்டாள். காபி போட்டு நீட்டினாள். பகுதி போனால் போகிறது என்று ராஜரத்தினம் அதை ரசித்துக் குடித்தார்.

ஆனால் ஊர் முகத்தில் விழிக்க வேண்டுமே. சாயங்காலம் குனிந்த தலை நிமிராமல் பாண்டிச்செல்வத்தின் டீக்கடைக்குப் போனார். பாண்டிச்செல்வம் இதழைக் கையில் வைத்துக்கொண்டு இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டீகளே!"

"தப்புதான் பாண்டி. உங்க எல்லாரு கண்ணுலயும் மண்ணத் தூவிட்டேன்."

"அட, பாடுதது மதினிதான்னு ஊருக்கே தெரியுமே! 'தேன் சொட்டுச்சு'ன்னு போட்டா வீட்ல சமாதானம், 'சுருதி விலகுச்சு'ன்னு போட்டா மதினி சுந்தரபாண்டியத்துல. அதத் தெரிஞ்சுக்கிடத்தான அம்புட்டுப் பேரும் பேப்பரே வாங்குனோம். இனிமே உங்க வீட்டு நெலவரத்த நாங்க எதுல பாக்கது?"