அசையாத மேசை

மேசை துள்ளியது.

அருள்நாயகம் கைப்பிடியை விட்டுவிட்டு ஓரடி பின்னால் பாய்ந்தார். அவர் காலையெல்லாம் பாடுபட்டு இறுக்கிய மூன்று ஸ்குரூக்களும் பிடுங்கிய பல் மாதிரிப் பலகையிலிருந்து கழன்று வந்திருந்தன. இயந்திரம் மட்டும், முதன்முதலாக வீட்டுக்கு வந்த சம்பந்திபோல், சாய்ந்தும் சாயாமலும் கூச்சத்தோடு நின்றது.

"கீழை என்ன சத்தம்?" மேலே குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி யோகராணி கேட்டாள்.

"ஒண்டுமில்லை. புத்தகம் விழுந்தது."

"உங்களிட்டை எப்ப புத்தகம் இருந்தது?"

அருள்நாயகம் குனிந்து ஸ்குரூக்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

இயந்திரம் அவருடையதல்ல, மருமகன் ஜோசுவாவுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுகளத்துக்குப் போய்க் காகித வட்டங்களைச் சுடுவது ஜோசுவாவின் பொழுதுபோக்கு. சுட்டு முடித்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வந்து, மறுபடி மருந்தும் ஈயமும் அடைத்துப் புதுத் தோட்டா ஆக்குவது அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு. அப்படி அடைத்து அழுத்துகிற இயந்திரம்தான் இது. புதன்கிழமை வேலைக்குப் போகிற அவசரத்தில் அதைப் பெட்டியோடு கொண்டுவந்து மாமனார் வீட்டின் கீழ்த்தளத்துப் பேஸ்மென்ற் படியடியில் வைத்தான்.

"மாமா, சனிக்கிழமை வரைக்கும் இது இஞ்சை இருக்கட்டும். சரியான ஹெவி, தூக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

தூக்காதே என்று சொன்ன பிறகு தூக்கிப் பார்க்காத மாமன் ஸ்காபரோவில் உண்டா? அருள்நாயகம் தூக்கினார். பெட்டியின் அடி கிழிந்தது. உள்ளே இருந்தது கம்பீரமாகத் தரையில் இறங்கி உட்கார்ந்தது.

மருந்து இல்லை, ஈயம் இல்லை, வெறும் இரும்புதான். ஆனால் என்ன இரும்பு! கடும்பச்சை நிறம். ஒரு கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் தோள்போல வளைந்த உடல். பக்கத்தில் நீண்ட கைப்பிடி, அதன் நுனியில் எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டை. அவர் பயந்து பயந்து அந்த உருண்டையைக் கீழே அழுத்தினார். நடுவிலிருந்த உருக்குத் தண்டு ஒரு சத்தமும் இல்லாமல், எண்ணெயில் வழுக்குவதுபோல் மேலே எழுந்து வந்தது. விட்டதும் அதே மரியாதையோடு இறங்கியது.

"அம்மாளாச்சி!" என்றார் அருள்நாயகம்.

ஊரில் இருந்த காலத்தில் தோட்டாவை அவர் அறிந்தது ஒரே வழியில்தான். அது வரும், சத்தம் கேட்கும், விழுந்து படுக்கவேண்டும். எங்கோ ஒரு மனிதன் மேசையடியில் உட்கார்ந்து முட்டை அடுக்குகிற பொறுமையோடு அதை ஒவ்வொன்றாகச் செய்திருப்பான் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. படிக்கட்டில் குந்தியிருந்து அந்த இரும்பையே பார்த்தார். பயம் வரவேண்டிய இடத்தில் ஏதோ பெரிய கோபுரத்தின் கீழே நிற்பதுபோல ஓர் உணர்வு வந்தது.

அப்போதுதான் அந்த யோசனையும் வந்தது.

ஜோசுவாவுக்குக் கல்கரியில் வேலை கிடைத்திருந்தது. போவதா, நிற்பதா என்று பிள்ளைகள் இன்னும் வாய் திறக்கவில்லை. "சனிக்கிழமை ரெண்டுபேரும் வாறம் அப்பா, ஒரு முக்கியமான விசயம் சொல்லவேணும்" என்று மயூரி போனில் சொல்லியிருந்தாள். முக்கியமான விசயம் என்னவென்று அருள்நாயகத்துக்குத் தெரியாதா? ஒரே மகள். நாலு மணித்தியாலம் பிளேனில் பறந்து போய்ப் பார்க்கிற மகளாகப் போகிறாள்.

போனமாதம் வந்தபோது ஜோசுவா இந்தப் பேஸ்மென்ற்றில், யன்னலோர மூலையில் கனநேரம் நின்றான். "மாமா, இது நல்ல மூலை. வெளிச்சம் வருது, ஆனா சுள்ளெண்டு அடிக்கேல்லை" என்றான். மயூரி அந்த மூலையைச் சாணால் அளந்தாள். இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டி கிழிந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. இயந்திரம் பூட்ட இடம் பார்த்திருக்கிறான் பெடியன்! கேட்க வெட்கப்பட்டிருக்கிறான்.

ஓர் ஆண்பிள்ளை தன் சாமானை எங்கே பூட்டுகிறானோ அங்கேதான் நிற்பான். இது அருள்நாயகத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. தன் பழைய வேலை மேசையை யன்னல் மூலைக்கு இழுத்துவந்தார். சனிக்கிழமை ஜோசுவா கீழே இறங்கி வரும்போது இயந்திரம் பூட்டி, மினுக்கி, தயாராக நிற்கவேண்டும். அதற்குப் பிறகு கல்கரியாவது மண்ணாங்கட்டியாவது.

ஸ்குரூ சரிவராததால் வியாழக்கிழமை பலகையை அடிவரை துளைத்து, தடித்த போல்ட் போட்டு, கீழே நட்டு வைத்து இறுக்கினார். கைப்பிடியை அழுத்தினார். இயந்திரம் இம்மியும் அசையவில்லை. அருள்நாயகம் சிரித்தார். பிறகு குனிந்து பார்த்தார். மேசையின் பின்கால்கள் இரண்டும் அந்தரத்தில் நின்றன.

பாரம் வேண்டும். வீட்டில் பாரமான சாமான் என்ன இருக்கிறது?

கொஞ்ச நேரத்தில் படியில் காலடி கேட்டது.

"இஞ்சருங்கோ, ரெண்டு மூட்டை அரிசியையும் காணேல்லை. வீட்டிலை கள்ளன்..." யோகராணி பாதிப் படியில் நின்றுவிட்டாள். மேசையின் கீழ்த்தட்டில் அவளுடைய அரிசி மூட்டைகள் இரண்டும் வசதியாகப் படுத்திருந்தன. மேலே அது நின்றது.

"என்னப்பா உது?"

அவர் சொன்னார். தோட்டா என்ற சொல் வந்ததும் யோகராணி இரண்டு படி மேலே ஏறினாள்.

"வெடிக்குமோ?"

"வெறும் இரும்பப்பா. உம்மட இடியப்ப உரல் வெடிச்சதோ?"

"இடியப்ப உரலையும் உதையும் ஒண்டாக் கதையாதேங்கோ."

"வந்து ஒருக்காக் கையை வைச்சுப் பாரும்."

அவள் மாட்டேன் என்றாள். பிறகு வந்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, உருண்டையில் இரண்டு விரலை வைத்தாள். தண்டு எழுந்து வந்தது. யோகராணியின் வாய் திறந்தபடியே நின்றது.

"எவ்வளவு அடக்கமா வருது!" என்றாள் மெதுவாக. "உயிர் இருக்கிற மாதிரி."

"அதுதானே சொல்லுறன்."

"பொட்டு வைச்சனீங்களோ?"

"எதுக்கு?"

"புது மெசினைச் சும்மா ஓட்டுறதோ? கார் வாங்கினதுக்கு எலுமிச்சம்பழம் வைச்சம், தையல் மெசினுக்குச் சந்தனம் வைச்சம். இது பிள்ளைகளை இஞ்சை மறிக்கிற மெசின் எண்டுறியள். நீங்கள் தள்ளுங்கோ."

யோகராணி எதையும் குறைவாகச் செய்பவள் அல்லள். உருண்டைக்குச் சந்தனம், வளைந்த உடலுக்கு மூன்று பட்டை திருநீறு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மினுங்குகிற உருக்குத் தண்டில், நடுவிலே, தாராளமாக ஒரு சந்தனப் பொட்டு. கற்பூரமும் காட்டினாள். புகைக்குக் கத்துகிற அலாரம் கத்தியது. அதை மங்கள வாத்தியமாக எடுத்துக்கொண்டார்கள்.

இரவோடிரவாகச் சந்தனம் காய்ந்தது. வெள்ளிக்கிழமை காலை அருள்நாயகம் அழுத்தியபோது தண்டு பாதி வழி ஏறி, பொட்டோடு உள்ளே போய், அங்கேயே இறுகிவிட்டது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"தேங்காய் எண்ணெய் விடுங்கோ" என்றாள் யோகராணி.

விட்டார். சந்தனம் எண்ணெயைக் குடித்துவிட்டு இன்னும் உறுதியானது. பலமாக அழுத்தலாம் என்றால் அரிசி மூட்டையையும் மீறி மேசை எழும்புகிறது. ஆகவே மேசையைச் சுவரோடு சேர்த்து ஸ்குரூ அடித்தார். பிறகு இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, கால் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, முழு அருள்நாயகமாகத் தொங்கினார்.

"படக்" என்றது.

தண்டு விடுபட்டது. கூடவே சுவரும் விடுபட்டது. கதவகல அட்டைச் சுவர் மேசையோடு ஒட்டிக்கொண்டு முன்னால் வர, அவரும் மேசையும் அரிசியுமாகத் தரையில் கிடந்தார்கள். ஒரு மூட்டை வாய் பிளந்து பேஸ்மென்ற் முழுவதும் வெள்ளையாகப் பரவியது. இயந்திரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"அங்கை பாருங்கோ, அதுக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்றாள் யோகராணி பக்தியோடு.

"எனக்கு என்னெண்டு ஒருக்காக் கேளுமன்!"

வேறு வழியில்லாமல் கிருபனைக் கூப்பிட்டார்கள். வீடுகள் திருத்துகிற கிருபன், ஸ்காபரோவில் பாதிப் பேஸ்மென்ற்றைத் தானே கட்டியதாகச் சொல்லுவான். வந்து, அரிசியில் வழுக்காமல் நடந்து, ஓட்டைச் சுவரைப் பார்த்து, மேசையைப் பார்த்து, கடைசியில் இயந்திரத்தின் முன்னால் நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"அண்ணை, எங்கையண்ணை உதைப் பிடிச்சனீங்கள்?"

"மருமேன்ர."

கிருபன் கைப்பிடியை ஒருமுறை இறக்கி ஏற்றினான். இன்னொரு முறை. தேவையில்லாமல் இன்னும் ஒருமுறை.

"இப்பிடி ஒரு சாமானை இந்தத் தகர டப்பா மேசையிலை வைக்கிறது பாவம்" என்றான். "விடுங்கோ என்னட்டை."

மாலைவரை வீடு அதிர்ந்தது. மேசைக்குப் புதிய தடித்த பலகை. பலகைக்கு மேலே இரும்புத் தகடு. கால்களுக்கு இரும்புக் கோணங்கள். கோணங்களைத் தரைக் கொங்கிறீற்றைத் துளைத்து இறக்கி, ஏதோ ஒரு பசையையும் ஊற்றினான். சுவர் திறந்திருக்கும்போதே உள்மரங்களோடு மேசையைப் பிணைத்து, அதற்குமேல் புது அட்டை அடித்துப் பூசினான்.

"இனிக் கழட்ட ஏலுமோ?" என்று அருள்நாயகம் கேட்டார்.

"மெசினை நட்டைக் கழட்டி எடுக்கலாம். மேசை?" கிருபன் சிரித்தான். "வீட்டை இடிச்சாலும் உது தனிய நிக்கும், அண்ணை."

அருள்நாயகத்துக்கு நெஞ்சு நிறைந்தது. கழற்ற முடியாத ஒன்று. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை யன்னல் வெளிச்சம் நேரே இயந்திரத்தின்மேல் விழுந்தது. பச்சை உடல் ஒளிர்ந்தது. புருசனும் பெண்சாதியும் படியில் அருகருகே இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிப்பினமோ?" என்று கேட்டாள் யோகராணி.

"உதைப் பார்த்தாப் பிறகு எந்தப் பெடியன் போவான்?"

வாசல் மணி அடித்தது. அருள்நாயகம் ஓடிப்போய்த் திறந்தார். பிள்ளைகள் இல்லை. முழங்கை தேய்ந்த ஜாக்கெற்றோடு ஒருவர் நின்றார்.

"அண்ணை, நான் சீமோன். ஜோசுவாவோடை ரேஞ்சிலை சுடுறனான். அவையள் கேக் எடுத்துக்கொண்டு வரினமாம், என்னை முதல்லை போகச் சொன்னவர். ஒரு பெட்டி இருக்குதாம்."

"பெட்டியோ!" அருள்நாயகம் அவரைக் கையில் பிடித்து இழுக்காத குறையாகக் கீழே கூட்டிப்போனார். "வந்து பாருமன் பெட்டியை."

சீமோன் கடைசிப் படியில் நின்றுவிட்டார். பிறகு மெல்ல நடந்து மேசையைச் சுற்ற முடிந்தவரை சுற்றினார். தகட்டைத் தட்டினார். குனிந்து கால்களைப் பார்த்தார். மேசையைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினார். வீடுதான் அசைந்ததுபோல இருந்தது.

"இருபது வருசமாச் சுடுறன், அண்ணை" என்றார் அடங்கிய குரலில். "இப்பிடிப் பூட்டின மெசினை நான் கண்டதில்லை."

"மருமேனுக்கு எண்டு செய்தது" என்றார் அருள்நாயகம். கண் கலங்கிவிட்டது.

சீமோன் இயந்திரத்தைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், சாணால் அளப்பதுபோல் அந்த மூலையை ஒருமுறை கண்ணால் அளந்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"பிள்ளை கிடைக்கப்போகுது, கல்கரி வேண்டாம், மாமா வீட்டுப் பேஸ்மென்ற்றுக்கே வாறம் எண்டுதானே ஜோசுவா இந்த மெசினை எனக்கு வித்தவர், நான் நட்டைக் கழட்டி அதைக் கொண்டுபோயிடுவன் அண்ணை, ஆனா தொட்டில் வைக்கப்போற யன்னல் மூலை எண்டு அவர் சொன்னது இதுதானே, இந்த மேசையை என்னெண்டு கிளப்பப்போறியள்?"